தாம்பரமா, ஆவடியா? முதல் வீடு வாங்குவோருக்கு ஒரு கணக்கு



திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, பெரியமேடு, மண்ணடி, பெரம்பூர் பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறையாக வாடகை வீட்டிலேயே வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. சில தெருக்களில் பெயரைக் கேட்டதுமே ‘வீடு காலியில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். சிறியதாக இருந்தாலும் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை நியாயமானது. நகருக்குள் வாங்க முடியாதவர்கள் புறநகரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்க்கும்போது அதிகம் அடிபடும் பெயர்கள் தாம்பரமும் ஆவடியும்.

‘எந்த ஊர் நல்லது?’ என்று கேட்பதைவிட, ‘எந்தப் பக்கம் வாங்கினால் நம் குடும்பம் கடனில் மூழ்காமல், தண்ணீரில் மூழ்காமல் இருக்கும்?’ என்று கேட்பதே சரியான கேள்வி. அதற்கு உதவும் விவரங்களைக் கீழே தருகிறோம்.

இரண்டு ஊர்களும் ஒரு பார்வையில்

ஆவடி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 2019இல் மாநகராட்சியானது. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. 2021இல் மாநகராட்சியானது. பல்லாவரம், குரோம்பேட்டை, செம்பாக்கம் பகுதிகளும் இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள்தான் வருகின்றன. இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் உண்டு. இரண்டுமே சி.எம்.டி.ஏ. எல்லைக்குள் இருப்பதால் மனைப்பிரிவு, கட்டட அனுமதிக்கான விதிகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

பொதுவாகத் தாம்பரம் பக்கம் விலை கூடுதல். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் குறைவு. ஆனால் ஒரே ஊருக்குள்ளேயே ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு விலை, மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு விலை என்பதை மறக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வழி

கடற்கரை நிலையத்திலிருந்து கோட்டை, பூங்கா, எழும்பூர், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பல்லாவரம் வழியாகத் தாம்பரம் செல்வது ஒரு பாதை. பயண நேரம் சுமார் ஒரு மணி. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் வழியாக ஆவடி செல்வது இன்னொரு பாதை. இது சுமார் முக்கால் மணி நேரம்.

கிண்டியில் வேலை, தி.நகரில் கடை, பல்லாவரம் நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழில், தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் பணி என்று இருப்பவர்களுக்குத் தாம்பரம் வசதி. பெரியமேட்டுத் தோல் மண்டி, மூர் மார்க்கெட், பெரம்பூர், அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை என்று இருப்பவர்களுக்கு ஆவடி வசதி. மண்ணடியில் வியாபாரம் செய்பவருக்குக் கடற்கரை நிலையம் நடக்கிற தூரம் என்பதால் தாம்பரம் ரயில் நேராக இருக்கிறது.

சொந்த ஊரையும் கணக்கில் எடுங்கள். கீழக்கரை, காயல்பட்டினம், இளையான்குடி, அதிராம்பட்டினம் பக்கம் அடிக்கடி போய்வருவோருக்கு 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் தாம்பரத்துக்கு அருகில் இருப்பது பெரிய உதவி. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு ஊருக்குப் போகும் ரயில் பாதையே ஆவடி வழியாகத்தான்.

‘மெட்ரோ வரப்போகிறது’ என்று இரண்டு பக்கமும் தரகர்கள் சொல்வார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கும், கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கும் நீட்டிக்கத் திட்டங்கள் இருப்பது உண்மை. திட்டத்துக்காக இன்றே கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இன்று ஓடும் ரயிலையும் பேருந்தையும் வைத்தே முடிவு செய்யுங்கள்.

மழைநீரும் குடிநீரும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகளில் மக்கள் படகில் மீட்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. அங்கே மனை விலை சற்றுக் குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆவடிப் பக்கம் கவலை ஏரிகளும் வடிகாலும்தான். ஏரியின் உபரிநீர் ஓடும் வழியில் போடப்பட்ட நகர்களில் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது.

பிடித்த வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அது முடியாவிட்டால் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் ‘2015இல் தண்ணீர் எதுவரை வந்தது?’ என்று கேளுங்கள். சுவரில் உள்ள தண்ணீர்க் கோடும் உண்மையைச் சொல்லும்.

இரண்டு ஊர்களிலும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எட்டாத தெருக்கள் உண்டு. அங்கே லாரித் தண்ணீர்ச் செலவு மாதாமாதம் வரும். நாகல்கேணி, பல்லாவரத்தின் சில பகுதிகளில் தோல் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது. போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பள்ளிவாசல், மதரஸா, மையவாடி

இரண்டு ஊர்களிலும் முஸ்லிம்கள் உண்டு, பள்ளிவாசல்களும் உண்டு. ஆனால் புதிய நகர்களில் அவை நடக்கிற தூரத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை அங்கேயே ஜும்ஆ தொழுதுவிட்டு ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மாலை மக்தப் எங்கே நடக்கிறது? இந்த மஹல்லாவில் உறுப்பினராக எப்படிச் சேர்வது? ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடி எங்கே? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். தேவை வரும் அன்று தேடுவதைவிட முன்பே அறிந்திருப்பது நல்லது.

பெண் பிள்ளைகளின் கல்லூரிப் பயணத்தையும் பாருங்கள். மாலை இருட்டிய பிறகு நிலையத்திலிருந்து வீடு வரை வெளிச்சமும் ஷேர் ஆட்டோவும் இருக்கிறதா என்பது, வீட்டில் எத்தனை அறை என்பதைவிட முக்கியம்.

விலைக்கு மேல் வரும் செலவு

மனை அல்லது பழைய வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 25 லட்சம் ரூபாய் மனைக்கு 2.25 லட்சம். கட்டுநரிடம் முதல் விற்பனையாக வாங்கும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 40 லட்சம் வீட்டுக்கு 2.4 லட்சம். கட்டி முடிக்காத வீடாக இருந்தால், அளவையும் விலையையும் பொறுத்து 1 அல்லது 5 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும். பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பின் விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

வட்டியின் உண்மைக் கணக்கு

வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சூரா அல்-பகராவின் 275ஆம் வசனம் அதைத் தெளிவாக்கிவிட்டது. உலகக் கணக்காகவும் ஒருமுறை பாருங்கள். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 27,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது கொடுத்த மொத்தம் சுமார் 64.8 லட்சம். அதில் 34.8 லட்சம் வட்டி மட்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டுப் பணம்.

நம் நாட்டில் இஸ்லாமிய வங்கி முறையைத் தொடங்கும் யோசனையைத் தொடர்வதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்துவிட்டது. ஆகவே வழியை நாமே தேட வேண்டும். முதலில் மனையை வாங்கி, சில ஆண்டு கழித்து ஒரு தளம் மட்டும் கட்டுவது ஒன்று. புதிய பெரிய வீட்டுக்குப் பதில் பழைய சிறிய வீட்டை முழுப் பணத்துக்கு வாங்குவது இன்னொன்று. விலையை முதலிலேயே முடிவு செய்து, தாமதத்துக்கு வட்டி இல்லை என்று எழுதிக்கொண்டு, கட்டுநருக்கு நேரடியாகத் தவணை கட்டுவது மூன்றாவது. உறவினரிடம் கைமாற்று வாங்கினால் தொகையையும் திருப்பித் தரும் நாளையும் எழுதி, சாட்சி வையுங்கள். அதே சூராவின் 282ஆம் வசனம் கற்பிக்கும் ஒழுக்கம் அது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், வாங்குங்கள்.

‘ஹலால் முதலீடு, மாதாமாதம் லாபம், சீக்கிரம் வீடு’ என்று சொல்லி வருவோரிடம் எச்சரிக்கை. 2019இல் பெங்களூரு ஐ.எம்.ஏ. மோசடியில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன.

வீட்டுக்காகச் சேர்க்கும் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் அதற்கும் ஜகாத் உண்டு என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு யார் பெயரில்?

பல வீடுகளில் முன்பணம் மனைவியின் நகையை விற்றுத்தான் வருகிறது. அந்த நகை அவரது சொத்து. ஆனால் பத்திரம் கணவர் பெயரில் மட்டும் எழுதப்படுகிறது. நாளை கணவர் மௌத்தானால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு வாரிசுப் பங்கு எட்டில் ஒன்றுதான். கணவரின் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு போகும். தன் நகையைக் கொடுத்தவர் தன் வீட்டிலேயே பங்குக்கு வாதாட வேண்டிய நிலை வரும். ஆகவே யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தில் பத்திரத்திலேயே இரண்டு பெயரையும் எழுதுங்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கையெழுத்துக்கு முன்

பதிவுத் துறை இணையத்தில் குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். பட்டாவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று சரிபாருங்கள். நிலம் ஏரிப் புறம்போக்கோ வக்ஃப் சொத்தோ அல்ல என்று உறுதி செய்யுங்கள். வக்ஃப் நிலத்தை வாங்கினால் பணமும் போகும், பாவமும் சேரும். மனைப்பிரிவுக்கு அனுமதி எண், புதிய குடியிருப்புக்கு ரெரா பதிவு எண், அடுக்குமாடியில் உங்களுக்கு வரும் பிரிபடாத நிலப் பாகம் ஆகியவற்றைக் கேளுங்கள். எல்லா ஆவணங்களையும் உங்களுக்காக மட்டும் பேசும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் போதாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வேலை கிண்டி, தி.நகர் பக்கம், சொந்த ஊர் தெற்கே, கையில் பணமும் இருக்கிறது என்றால் தாம்பரம், அதிலும் ஆற்றை விட்டு விலகிய மேடான பகுதி. வேலை பெரம்பூர், பெரியமேடு, அம்பத்தூர் பக்கம் என்றால் ஆவடி. வேலை இரண்டுக்கும் நடுவில் இருந்து, ஆவடியில் கடனின்றி வாங்க முடிகிறது, தாம்பரத்தில் 20 ஆண்டு வட்டி கட்ட வேண்டும் என்றால் தயங்காமல் ஆவடிக்குப் போங்கள். ரயில் மாறி ஏறும் சிரமம் பழகிவிடும், வட்டிச் சுமை பழகாது. இரண்டிலும் இப்போது முடியாது என்றால் இன்னும் சில ஆண்டு வாடகை வீட்டில் இருந்து சேமிப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஹலாலான, நிம்மதியான இல்லங்களைத் தந்தருள்வானாக. ஆமீன்.