சிவப்புப் புட்டியில் இருப்பது பழமா?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பெட்டிக்கடைகளில், சோடா, கலர் இருந்த இடத்தை இன்று சிவப்பு நிற ஊக்கபானப் புட்டிகள் பிடித்துள்ளன. இரவெல்லாம் லாரி ஓட்டுவோர் இவற்றை வாங்குவது ஒருபுறமிருக்க, பள்ளி விட்டு வரும் சிறுவரும் கேட்டுக் குடிக்கின்றனர். ஆகவே இப்பானத்தை நாமே சுவைத்து ஆராய விழைந்தோம்.

முதலில் குளிர வைத்துப் பருகினோம். நாவில் சுறுசுறுவென்ற காற்றுக் குமிழிகளும், இனிப்பும், மெல்லிய புளிப்பும் தோன்றின. குறை சொல்லத் தோன்றவில்லை. பின்னர் அதையே குளிர் நீங்கியபின் பருகினோம். குளிர்ச்சி இனிப்பை மறைக்கும் இயல்புடையது. அது அகன்றதும் திகட்டும் தித்திப்பும், மிட்டாய் போன்ற மணமும், இறுதியில் சிறு கசப்பும் வெளிப்பட்டன. புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்தோம். பழச்சுவை என்றது நறுமணமூட்டியே. பழம் ஏதும் இல்லை.

இப்பானத்தின் வரலாறும் நம் பகுதிக்கு அந்நியமானதன்று. 1970களில் தாய்லாந்தில் சாலியோ யூவித்யா விற்ற 'கிராத்திங் டேங்' என்னும் பானத்தை விரும்பி வாங்கியோர் லாரி ஓட்டுநரும் கூலித் தொழிலாளருமே. அதனைத் தழுவி, 1987இல் ஆஸ்திரியாவில் 'ரெட் புல்' விற்பனைக்கு வந்தது. அதன் வழக்கமான 250 மில்லிலிட்டர் டின்னில் 27 கிராம் சர்க்கரை உண்டு. ஏறக்குறைய ஆறரைத் தேக்கரண்டி!

ஊக்கம் தருவது பெரும்பாலும் காஃபீன். அது உடலுக்குப் புதிய வலிமை எதையும் ஊட்டுவதில்லை. களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் மூளையில் வேலை செய்யாதவாறு தடுக்கிறது, அவ்வளவே. உடலில் புகுந்த காஃபீனில் பாதி நீங்கவே சுமார் ஐந்து மணி நேரமாகும். அதுவரை களைப்பு மறைந்திருக்கிறதேயன்றி மறைந்துவிடுவதில்லை. மாலையில் குடித்த சிறுவன் இரவில் உறங்காமல் புரள்வதும், ஓட்டுநர் திடீரெனக் கண்ணயர்வதும் இதனாலேயே.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, இத்தகைய பானத்தின் ஒரு லிட்டரில் 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கலாகாது. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு ஏற்றதன்று எனவும், நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் பருகக்கூடாது எனவும் எச்சரிக்கை அச்சிட வேண்டும். போலந்து நாடு 2024 ஜனவரி முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இவற்றை விற்பதையே தடை செய்துள்ளது.

சுவைக்கு நாம் பாதி மதிப்பெண் தருவோம். பழம் என்ற பெயருக்கு ஒன்றுமில்லை. மாம்பழத்திற்குப் பெயர் பெற்ற சேலத்துச் சீமையில் பழச்சுவைக்குப் புட்டியை நாட வேண்டுமா? பெற்றோரே, பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு மோரோ, எலுமிச்சைச் சாறோ கலந்து வையுங்கள். நெடுஞ்சாலையில் வண்டியோட்டும் குடும்பத் தலைவரிடம், கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்டி உறங்கிவிட்டு வருமாறு சொல்லி அனுப்புங்கள். சரக்குச் சற்றுத் தாமதமாகச் சேரலாம். அவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.