வேன் டேங்கில் தண்ணீர் எப்படிக் கெடுகிறது?

காம்பார் – பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோப்பெங் ஆற்றோரம், தாப்பா கோலா வோ, கேமரன் மலை என்று குடும்பத்தோடு கிளம்புவது பேராக்காரர்களுக்குப் புதிதல்ல. முன்பு கூடாரம் அடித்துத் தங்கியவர்களில் சிலர் இப்போது பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் பொருத்திக்கொள்கிறார்கள். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் காரவான் வைத்திருப்பவர்களும் உண்டு.

வண்டியைத் தயார் செய்யும்போது மெத்தை, பேட்டரி, விசிறி பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறார்கள். தண்ணீரைப் பற்றிய பேச்சு மட்டும் "எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. திரும்பி வந்த மறுநாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், வழியில் வாங்கித் தின்ற பலகாரத்தின் மீதுதான் பழி விழும். டேங்கைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் சுத்திகரித்து, குளோரின் கலந்து அனுப்பப்படுவது. சுத்திகரிக்கப்பட்ட நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரம். வழியில் கிருமி நுழைந்தால் அதைக் கொல்வதற்காகவே அந்த மிச்சம். ஆனால் அது நிலையானதல்ல. நாள் ஆக ஆகக் குறையும். வெயில் ஏற ஏற இன்னும் வேகமாகக் குறையும். காம்பார் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் டேங்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். குளோரின் போய், சூடும் சேர்ந்த தண்ணீர் கிருமிக்கு நல்ல தொட்டில். போன மாதப் பயணத்தில் மிஞ்சிய அரை டேங்குத் தண்ணீரை அப்படியே விட்டு, அதன் மேலேயே புதுத் தண்ணீர் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டேங்கின் உட்சுவரை விரலால் தடவினால் சில நேரம் வழுவழுப்பாக இருக்கும். அது வெறும் பாசி அல்ல. கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசைபோல் ஓர் உறை கட்டிக்கொண்டு வாழும் படலம் அது. அந்த உறைக்குள் இருக்கும் கிருமியைக் குழாய் நீரின் சாதாரண குளோரின் எளிதில் தொடாது. சும்மா தண்ணீர் ஊற்றி அலசினாலும் போகாது.

லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதுப் பாடமாக இருக்காது. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முன் நேற்றைய மிச்சத்தைக் கொட்டி, குடத்தைச் சாம்பலோ புளியோ போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் புதுத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் ஒரு பாத்திரம், புழங்குகிற தண்ணீர் வேறு பாத்திரம். குடத்தில் கைவிட்டுத் தேய்க்க முடிந்தது. வேன் டேங்கில் கை நுழையாது. அங்கே சாம்பலின் வேலையைக் குளோரின்தான் செய்ய வேண்டும்.

கடையில் 'குளோராக்ஸ்' என்று கேட்டு வாங்கும் வெளுப்புத் திரவமே போதும். ஆனால் வாசனை சேர்க்காததாக, சோப்பு கலக்காததாக இருக்க வேண்டும். போத்தலின் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்று இருந்தால் கணக்கு எளிது: டேங்க் பிடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மில்லிலிட்டர். 40 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி. டேங்கின் கொள்ளளவு தெரியாவிட்டால் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, மூன்றையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். போத்தல் பழையதானால் அதன் வீரியம் குறையும். திறந்து ஓராண்டு ஆனதை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

முதலில் பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். ஃபில்டரின் உட்பகுதியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது குளோரினைத் தின்றுவிடும். அளந்த திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து டேங்கில் ஊற்றி, மீதியை நல்ல தண்ணீரால் விளிம்புவரை நிரப்பலாம். பிறகு பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயாகத் திறக்க வேண்டும். சமையல் தொட்டிக் குழாய், ஷவர், வெந்நீர்க் குழாய் என எதையும் விடாமல், குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூட வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். டேங்கை மட்டும் கழுவிவிட்டு, அதைவிட மெல்லிய, அதைவிட அழுக்கான குழாய்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

நான்கு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டியைக் காம்பார் பட்டணத்தைச் சுற்றி ஒரு தடவை ஓட்டி வந்தால், தண்ணீர் அலைந்து மேல் சுவரிலும் படும். பிறகு முழுக்க வடித்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் நிரப்பி வடிக்கலாம். வாடை லேசாக இருந்தால் பயமில்லை. மூக்கைத் துளைத்தால் இன்னொரு முறை அலச வேண்டும். டேங்க் எஃகாக இருந்தால் குளோரினை நான்கு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், அரித்துவிடும். பல மாதம் நிறுத்திவைத்த வண்டிக்கு இது கட்டாயம். அடிக்கடி ஓடும் வண்டிக்கு ஆண்டில் இரண்டு முறையாவது செய்வது நல்லது.

ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றுவதும், உறைய வைக்க அமிலம் ஊற்றுவதும் அங்கே அன்றாட வேலை. அந்த இரண்டில் எதுவும் குளோராக்ஸுடன் சேரக்கூடாது; சேர்ந்தால் மூச்சை அடைக்கும் விஷ வாயு கிளம்பும். வினிகரும் கழிவறை கழுவும் அமிலமும் இதே கணக்குதான். பூட்டிய வேனுக்குள் அது உயிருக்கே ஆபத்து. கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இதே காரணத்தால், மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய இரசாயனப் பீப்பாயையோ களைக்கொல்லி டின்னையோ தண்ணீருக்குப் பயன்படுத்தவே கூடாது. பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய கொள்கலன்கள் தோட்டப்புறக் கொட்டகைகளில் கிடக்கலாம். பிளாஸ்டிக் உறிஞ்சிய மருந்து எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது. உணவுக்கு ஏற்றது என்று குறியிட்ட டேங்க், அதே தரத்தில் ஒரு ஹோஸ், இவ்விரண்டுக்கும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸ் குடிநீருக்கு ஆகாது. வெயிலில் கிடந்த அதில் வரும் முதல் தண்ணீரின் ரப்பர் வாடையே அதைச் சொல்லும். குடிநீர் ஹோஸைப் பயன்படுத்தியபின் நீரை வடித்து, இரு முனைகளையும் மூடிப் பையில் வைக்க வேண்டும். கழிவுத் தொட்டியைக் கழுவும் ஹோஸ் வேறு நிறத்தில் இருந்தால் அவசரத்தில் மாறாது.

வழியில் எங்கே பிடிப்பது? பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தால் அது வாரியத் தண்ணீர்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிணற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம், பல மாதம் கழுவாத கூரைத் தொட்டியாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டுப் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம். வீட்டில் நிரப்பிக் கிளம்புவதே மேல். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 3 அல்லது 4 லிட்டர் என்று வைத்தால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு நாளுக்குச் சுமார் 30 லிட்டர். அதைத் தனி ஜெரிகேனில் எடுத்துக்கொண்டு, டேங்குத் தண்ணீரைக் கழுவவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளலாம். லயத்துப் பழக்கமும் அதுதானே. 1 லிட்டர் 1 கிலோ என்பதால், 100 லிட்டர் டேங்க் நிரம்பினால் வண்டியில் இன்னும் ஒன்றிரண்டு பேர் கூடுதலாக ஏறியதற்குச் சமம். மலையேறும்போது அதன் எடை தெரியும்.

தானியங்கி இயந்திரத்தில் காசு போட்டுப் பிடிக்கும் தண்ணீர் சுத்தமானது, டேங்க் முழுக்க அதையே நிரப்பினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வடிகட்டலில் குளோரினும் போய்விடுகிறது. பாதுகாப்பு இல்லாத தண்ணீரை டேங்கில் நாள்கணக்கில் வைப்பது நல்லதல்ல. அன்றன்றைக்குக் குடிக்க வாங்கலாம். வேனில் பொருத்தும் கார்பன் ஃபில்டரும் அப்படித்தான்: வாடையை எடுக்கும், குளோரினையும் எடுக்கும், கிருமியை முழுக்க நிறுத்தாது. மாற்றாமல் விட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும். ஃபில்டர் மாட்டியிருப்பதால் எந்தத் தண்ணீரையும் பிடிக்கலாம் என்ற தைரியம்தான் இதில் பெரிய ஆபத்து.

சந்தேகம் இருந்தால் கொதிக்க வைக்க வேண்டும். நம் வீடுகளில் கெட்டில் ஓயாத பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நன்றாகக் குமிழிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் அழிந்துவிடும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல்தான் மூன்று நிமிடம் தேவை. தானா ராத்தா அந்த உயரத்துக்குக் கீழே இருப்பதால் அங்கும் ஒரு நிமிடம் போதும். எரிவாயு தீர்ந்துவிட்டால், தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு 2 சொட்டு அதே வாசனையற்ற குளோராக்ஸ் விட்டுக் கலக்கி, 30 நிமிடம் வைத்துக் குடிக்கலாம்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்பதும் இல்லை. காம்பார், மாலிம் நாவார் சுற்றுவட்டாரத்தில் பழைய ஈயக்குட்டைகள் ஏராளம். மாலை வெயிலில் கரையோரம் வண்டியை நிறுத்தி உட்கார அழகான இடங்கள்தான். ஆனால் சுரங்க நீரில் கரைந்திருக்கக்கூடிய உலோகங்கள் கொதித்தாலும் போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.

ஆற்றுத் தண்ணீரில் வேறு ஆபத்து. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் பகாங், மாரான் அருகே லூபோக் யூ பொழுதுபோக்குக் காட்டில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் இறங்கியவர்களிடையே எலிச்சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோயும் பரவி, 8 பேர் இறந்தனர். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கண்டால் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதி அதே ஆண்டின் இறுதியில் வந்தது. மெலியோய்டோசிஸ் நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. காலில் புண்ணோடு ஆற்றில் இறங்க வேண்டாம். பாத்திரத்தை ஆற்றில் கழுவ வேண்டாம். மிச்சச் சோற்றை வண்டிக்கு அருகில் கொட்டினால் எலி தேடி வரும். பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும், குறிப்பாகக் கெண்டைக்கால் தசைவலியும், கண் சிவப்பும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது.

பராமரிப்பில் மிச்சம் இருப்பது கசிவுதான். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்ப் அவ்வப்போது 'டுர்' என்று ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். தரைப் பலகைக்கு அடியில் ஒழுகும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. மிதித்தால் மெத்தென்று உள்வாங்கும்போதுதான் தெரியும், அதற்குள் பலகை உளுத்திருக்கும். பம்புக்கு முன்னால் உள்ள சிறு சல்லடையை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றிக் கழுவினால் பம்பின் ஆயுள் கூடும். கூரையில் காற்றுத் துவாரம், ஜன்னல் ஓரங்களில் பூசிய சிலிக்கோன் வெடித்திருக்கிறதா என்று ஆண்டு இறுதி மழைக்கு முன் ஏறிப் பார்க்க வேண்டும். வெந்நீர்க் கருவி வைத்திருப்பவர்கள் அதை வெதுவெதுப்பாகவே விட்டுவைக்கக்கூடாது. 25 முதல் 45 டிகிரி வரையிலான சூட்டில் லெஜியோனெல்லா என்ற கிருமி செழிக்கும். ஷவர் தூவலை மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். கருவியை 60 டிகிரிக்கு ஏற்றி வைத்து, குளிக்கும்போது தண்ணீர் கலந்துகொள்ளலாம். பல நாள் ஓடாத ஷவரை, கதவைத் திறந்து வைத்துச் சில நிமிடம் ஓடவிட்டபின் குளிக்கலாம்.

வண்டி ஓடாத நாள்களில் டேங்க் காலியாக, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கழிவு நீர்த் தொட்டி, மேலே போட்ட தார்ப்பாயின் மடிப்பு, வெளியே மறந்த வாளி எல்லாம் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்; சுகாதார அமைச்சு சொல்லும் வாரம் 10 நிமிடச் சோதனையில் வேனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேன் இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நீர் வாரியத்தின் பொறுப்பு வீட்டு மீட்டரோடு முடிகிறது. கூரைத் தொட்டி வீட்டுக்காரர் பாடு. தோட்டத்து வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் சொல்கிறது; தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவருக்கு அந்த முதலாளியும் இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களின் பீப்பாய்க்கும் ஹோஸுக்கும் மேலே சொன்ன அதே லிட்டருக்கு ஒரு மில்லி கணக்குதான். முதல் நாள் மாலையே செய்து, நன்றாக அலசி, கவிழ்த்துக் காயவைத்துவிட்டால், மறுநாள் சர்பத் கரைப்பவர் நிம்மதியாகக் கரைக்கலாம்.