பிள்ளைக்கு மோர் கொடுக்கலாமா?

மதுரைக் கோடையில் பிள்ளைக்கு வயிற்றால் போனால் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் இது. டீயைக் குடியுங்கள் அக்கா, பொறுமையாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு என்ன வயசு?

ஆறு மாசம் முடியவில்லை என்றால் மோரும் வேண்டாம், தயிரும் வேண்டாம். தாய்ப்பால்தான். "வயிற்றால் போகும்போது பாலை நிறுத்து" என்று அப்பத்தா சொன்னாலும் நிறுத்தக் கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும்.

ஆறு மாசம் தாண்டி, தயிர்சாதம் பழகிய பிள்ளைக்குத் தயிர் நல்ல சாப்பாடு. வயிற்றுப்போக்கில் குடலின் உட்புறம் புண்பட்டு, பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கத் திணறும். உறைமோரில் வந்த பாக்டீரியா அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது; அதனால் பாலைவிடத் தயிர் வயிற்றுக்கு லேசு. கொதித்து ஆறிய தண்ணீரில் நீர்க்கக் கடைந்து, சிட்டிகை உப்புப் போட்ட மோரும் நல்லதுதான். அந்தத் தண்ணீர் சுத்தமில்லை என்றால் மோரே நோயைத் திரும்பக் கொண்டுவரும்.

ஆனால் தயிர் மருந்தாகாது. மெடிக்கலில் விற்கிற புரோபயாடிக் பொடியும் எல்லாப் பிள்ளைக்கும் வேலை செய்வதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்கு லாக்டோபேசிலஸ் ஜி.ஜி. என்ற ரகத்தை நாலு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த அந்த ஆய்வில், மறுபடி மறுபடி வயிற்றுப்போக்கு வருவது குறைந்தது. அதே ரகத்தை அமெரிக்காவில் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் (2018) எந்தப் பலனும் தெரியவில்லை. நம் வீட்டு உறைமோரிலோ என்ன ரகம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

பிள்ளையின் உயிரை எடுப்பது உடம்பிலிருந்து போகிற தண்ணீரும் உப்பும். அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல். எவ்வளவு போனாலும் குடலில் ஒரு வாசல் மூடுவதில்லை: குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து வந்தால் அது உள்ளே விடும், தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971இல் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைத் துணிந்து வாயிலேயே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். ரெண்டு வயசுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாசத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. போக்கு நின்றாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள்.

கண் குழி விழுந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் சட்டென்று படியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகிற வழியிலும் கரண்டியில் கொடுத்துக்கொண்டே போங்கள்.