கடல்பாசி சாப்பிட்டா மறதி நோய் போயிடுமா?

கள்ளக்குறிச்சி:

நம்ம மாவட்டத்துக்கு கடற்கரை கிடையாது. 2019-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்தபோது மரக்காணம் கடல் அந்தப் பக்கமே நின்று போச்சு. ஆனால் டப்பாவில் அடைத்த கடல்பாசிக்கு கடல் எதற்கு? விளம்பரத்தைப் பார்த்து பணம் கட்டினால் கல்வராயன்மலை வெள்ளிமலை வரைக்கும் பார்சல் ஏறி வந்துவிடும்.

பெத்த பிள்ளை பேரையே மறந்துபோன அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள், 'இதையாவது கொடுத்துப் பார்ப்போமே' என்று நினைப்பதில் தப்பு இல்லை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கடல்பாசி சமாச்சாரம் முழுக்க கட்டுக்கதையும் அல்ல. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மன்னார் வளைகுடா பாசிகளை எடுத்து சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்கு சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேண்டும். அதை உடைத்துப் போடும் நொதி ஒன்றும் அங்கேயே இருக்கிறது. அல்சைமர் நோயில் அந்த ரசாயனம் ஏற்கனவே குறைந்து போயிருக்கும். மிச்சம் இருப்பதையும் நொதி தின்றுவிட்டால் சேதி எப்படி போகும்? டாக்டர்கள் எழுதித் தரும் டோனபெசில் மாத்திரை அந்த நொதியைத்தான் அடக்குகிறது. ஹிப்னியா, உல்வா என்ற இரண்டு வகை பாசிகளின் சாறும் அதே வேலையைச் செய்வது தெரியவந்தது. ராமநாதபுரம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கிறார்களே மரிக்கொழுந்து பாசி, அதையும் சோதித்தார்கள்.

எல்லாம் சோதனைக்குழாயிலும் செல்லிலும் எலியிலும் தான். மனுஷனுக்கு கொடுத்து நிரூபிக்கவில்லை.

மனுஷனுக்கு கொடுத்தது சீனாக்காரன். பழுப்புப் பாசியில் இருந்து செய்த ஜிவி-971 என்ற மருந்தை 818 நோயாளிகளிடம் 36 வாரம் சோதித்து, 2019 நவம்பரில் நிபந்தனையோடு அனுமதி வாங்கினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. வெளிநாடுகளில் தொடங்கிய பெரிய சோதனை 2022-ல் பாதியில் நின்றது. 2025-ல் மருந்து தயாரிப்பும் நின்று போனது.

இன்னொரு விஷயம். கடையில் கடல்பாசி என்று விற்பது பெரும்பாலும் அகர் அகர். நோன்பு நேரத்தில் பாலில் காய்ச்சி துண்டு போடுவார்களே, அதேதான். வாய்க்கு ருசி, ஆனால் ஆய்வில் சோதித்த சாறு அது இல்லை. சுருள்பாசி மாத்திரையோ கடலில் விளைவதே கிடையாது, தொட்டித் தண்ணீரில் வளர்ப்பது.

பாசி என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் ஒரு சிவப்புப் பாசியில் இருந்து 1953-ல் பிரித்த கைனிக் அமிலம் குடல்புழு மருந்தாக இருந்தது. இப்போது ஆராய்ச்சிக்கூடத்தில் எலியின் நரம்பு செல்லைச் சாகடிக்க அதைத்தான் ஊசி போடுகிறார்கள்! சில பாசிகளில் அயோடின் அளவுக்கு மேல் இருக்கும். தைராய்டு உள்ளவர்களுக்கு ஆகாது.

பார்சல் வந்ததும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மறதி எல்லாமே அல்சைமரும் இல்லை. தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் ஞாபகம் தப்பும். அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, நாள் கடத்தாமல் வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் தேறிவிடலாம். டப்பாவுக்கு கட்டும் பணத்தில் பஸ் பிடித்து முதலில் அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போங்கள்.