முழங்கால் சில்லுத் தேய்மானமும் கால் எலும்புகளின் அமைப்பும்

சமதளத்தில் சிரமமின்றி நடக்கும் சிலருக்குப் படியிறங்கும்போது முழங்காலின் முன்புறம் வலிக்கிறது. தரையில் அமர்ந்து எழும்போதும், நெடுநேரம் நாற்காலியில் இருந்து எழும்போதும் அவ்வலி மிகுகிறது. முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையேயுள்ள மூட்டு தேய்ந்திருப்பதன் அறிகுறியாக இது இருக்கலாம்.

தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்கி நீட்டும்போது சில்லு அப்பள்ளத்தின் வழியே வழுக்கிச் செல்கிறது. இரண்டின் பரப்பையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. சமதளத்தில் நடக்கையில் இம்மூட்டின்மீது விழும் சுமை உடல் எடையைவிடக் குறைவு. படி ஏறி இறங்கும்போது அது ஏறத்தாழ 3 மடங்காகிறது. குந்தி அமரும்போது இன்னும் கூடுகிறது.

அச்சுமை சீராகப் பரவ வேண்டுமானால், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். முழங்கால்கள் உட்புறம் சாய்ந்து ஒன்றோடொன்று இடிக்கும் அமைப்பில், தொடைத் தசை சில்லை வெளிப்புறமாக இழுக்கிறது. அப்பக்கக் குருத்தெலும்பு தேய வாய்ப்பு மிகுகிறது. வில்போல் வளைந்த கால்களில் சில்லின் உட்பக்கத்தில் சுமை கூடக்கூடும். தொடை எலும்பு உட்புறமாகத் திருகியிருந்தாலும் சில்லு தன் தடத்தினின்று விலகலாம்.

ஆகவேதான், வலி முழங்காலில் இருப்பினும், நோயாளியை நிற்கவைத்து இடுப்பு முதல் கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுப்பதுண்டு. நேர்முகமாக எடுக்கும் படத்தில் சில்லு தொடை எலும்பின்மேல் பதிந்து தெரிவதால், இத்தேய்மானம் புலப்படாமல் போகலாம். முழங்காலை மடக்கி எடுக்கும் படம் அதனைத் தெளிவாகக் காட்டும்.

கால் வளைந்திருக்கிறது என்று அறிந்தவுடன் அறுவை சிகிச்சையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. எலும்பை வெட்டி நேராக்கும் சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். வளர்ந்தவர்களின் எலும்பமைப்பைப் பயிற்சியால் மாற்ற இயலாது. ஆயினும் சில்லின்மீது விழும் சுமையைக் குறைக்க இயலும். தொடையின் முன்தசைகளையும் இடுப்புத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்று நாள்தோறும் செய்யுங்கள். உடல் எடை மிகுந்திருந்தால் குறையுங்கள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள்.

வலிக்கு அஞ்சி நடப்பதை அடியோடு நிறுத்துவது தவறு. தசைகள் மெலிந்தால் சில்லைத் தடத்தில் நிறுத்தும் வலிமையும் குறையும். உடனிருப்போர் இதனை உணர்ந்து, எல்லா வேலைகளையும் தாமே செய்துவிடாமல், நோயாளியை அளவாக நடக்க ஊக்குவிக்க வேண்டும்.

முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் கண்டாலோ, காலை ஊன்ற இயலாவிட்டாலோ, தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள்.