பள்ளத்தில் கூடாரம் போடாதீர்கள்

உங்கள் சாரணப் பிள்ளைகள் போனில் பார்த்தது பொய்யில்லை, மாஷ். உறைந்த ஏரி மேல் நடந்துபோய், துளை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தூண்டில் பிடிக்கிறார்கள். டொரன்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி அதற்குப் பேர்போனது. ஸ்கார்பரோ தமிழர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான கார்ப் பயணம், அவ்வளவுதான். நம் கேரளத்தில் எந்த ஏரியும் உறைவதில்லை. அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த ஐஸுக்கு அடியில் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று ஒருவனாவது கேட்பான். அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வரும். அதனால் ஏரி மேலிருந்து உறைகிறது. அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்குகிறது, மீனும் அங்கேயே தங்குகிறது. மேலே இருக்கும் ஐஸ் குளிரைத் தடுக்கும் கூரையாகிவிடுகிறது. அதன்மேல் நடக்க எவ்வளவு தடிமன் வேண்டும்? அமெரிக்காவின் மினசோட்டாவில் தெளிந்த புது ஐஸ் 10 சென்டிமீட்டராவது வேண்டும் என்கிறார்கள். கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம் 15 கேட்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர் எந்தக் கணக்கை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம், நீங்கள் முகாம் போட நினைக்கும் மூணாறுக்கு. ஐஸ் இல்லை, உறைபனி உண்டு. ஜனவரியில் மூணாறைச் சுற்றிய எஸ்டேட்டுகளில் விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். இதில் ஒரு புதிர் இருக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நம் பாலக்காட்டு மாவட்டச் சித்தூர் நூற்றுச் சொச்சம் மீட்டரில் இருக்கிறது, மூணாறு டவுன் ஏறக்குறைய 1,500 மீட்டரில். இங்கே விடிகாலையில் 21 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அங்கே 12 இருக்க வேண்டும். புல் எப்படி உறைகிறது?

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. சித்தூரில் இது நடக்காததற்குக் காரணம் உங்கள் தலைமுடியைக் கலைக்கிறதே, அந்தக் காற்றுதான். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று கீழ்க்காற்றையும் மேல்காற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கிறது. மலைமடிப்புக்குள் அது எட்டாத இடங்களில் குளிர் குவிந்துவிடுகிறது. மனிதன் உயரத்தில் வைத்த வெப்பமானி 3, 4 காட்டும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

ஆகவே கூடாரம் போட ஓடைக்கரைச் சமதளம் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். அந்த மலையிலேயே மிகக் குளிரான இடம் அதுதான். சரிவில் பத்திருபது மீட்டர் மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். மேலே மரக்கிளை இருந்தால் இன்னும் நல்லது, வானத்துக்குப் போகும் சூட்டில் கொஞ்சத்தை அது தடுக்கும். பட்ட கிளை இருக்கிறதா என்று மட்டும் அண்ணாந்து பார்த்துவிடுங்கள். யூகலிப்டஸ் அடி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது படுக்கை. எல்லோரும் போர்வையை எண்ணுகிறார்கள். போர்த்துவதைவிட விரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடம்பு அழுத்தும் இடத்தில் எந்தப் போர்வையும் நசுங்கிவிடும், தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் தாலுகாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? சாக்கில் அடைத்து வண்டிமேல் கட்டுங்கள். தார்ப்பாய், அதன்மேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் பாய். கடையில் விற்கும் விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்கைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

பகலில் ஓடியாடி வேர்த்த பனியனோடு எந்தப் பிள்ளையையும் படுக்க விடாதீர்கள். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டைத் தின்றுவிடும். இரவுக்கென்று ஒரு உலர்ந்த செட், ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு கம்பளிக் குல்லா: இவை தனிப் பையில் இருக்கட்டும், பகலில் தொடக்கூடாது. தூங்கும் முன் சூடாக ஏதாவது குடிக்கட்டும், வெளியே போய்வரட்டும். கூடாரத்தின் காற்றுவழியை மூடாதீர்கள். மூச்சில் வரும் ஈரம் உள்பக்கம் நீராகி, விடிகாலையில் எல்லோர் மேலும் சொட்டும்.

காற்றுவழியை மூடக்கூடாததற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. குளிர் தாங்காமல் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளே கொண்டுவரும் பழக்கம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானல் பக்கம் இப்படி நடந்து செய்தித்தாளில் வந்திருக்கிறது. தணல் வெளியே இருக்க வேண்டும், அணைத்த தணல்கூட உள்ளே வரக்கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

அணிமுறை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிக்குள் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவன் மற்றவனைக் கவனிக்கச் சொல்லுங்கள். நடுங்குகிறவனைப் பற்றிப் பயமில்லை. நடுக்கம் நின்று, பேச்சு குழறி, பட்டன் போடத் தடுமாறினால் உடனே எழுப்ப வேண்டியது உங்களை. சொல்லப்போனால் சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் நடத்திய முதல் முகாமே ஆகஸ்ட் மாதத்தில்தான். அவரே வெயில் காலத்தில் தொடங்கியதை நீங்கள் குளிரில் தொடங்க வேண்டாம். முதலில் பள்ளி மைதானத்தில் ஒரு இரவு. பிறகு நம் தாலுகாவிலேயே இருக்கும் நெல்லியாம்பதியில் ஒரு இரவு. அதில் யார் தாங்குகிறார்கள் என்று பார்த்து மூணாறு.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகாதீர்கள், மூணாறு ரோட்டில் வண்டியிலேயே பொழுது போய்விடும். பொங்கலுக்கு நம் மாவட்டத்துக்கும் இடுக்கிக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு. அதை ஒட்டிய சனி, ஞாயிறு நல்லது. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகப் போனால் சின்னாறு காட்டை இருட்டுமுன் கடந்துவிடுங்கள்.

தங்குமிடம் மதிலுள்ள பள்ளி வளாகமாகவோ சர்ச் வளாகமாகவோ இருக்கட்டும். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்க வந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. மூணாறில் படையப்பா என்ற காட்டுயானை கடைவீதிவரை வந்துபோகும். பெற்றோர் கையெழுத்து, சாரணர் மாவட்ட அலுவலக அனுமதி, சாரணியர் வந்தால் பெண் தலைவர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மீன் கேட்டார்களே, அதற்கும் வழி உண்டு. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் மூணாறு மலைகளில் இருக்கிறது. ராஜமலையில் அதற்குப் பொரிப்பகமும் வைத்தார்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்கு ஆகாது. 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் சித்தூர்ப் புழையில் குறவையும் திலேப்பியும் சமாளிக்கும், டிரவுட் சமாளிக்காது. ஆனால் ராஜமலை இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அங்கே தூண்டில் போடக்கூடாது. மற்ற ஓடைகள் எஸ்டேட்டுக்கோ வனத்துறைக்கோ உட்பட்டவை. எழுத்தில் அனுமதி கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் சொந்தக் குளம் வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள்.

வெயில் ஏறிய பிறகே தண்ணீர்ப் பக்கம் விடுங்கள். கை நனைந்தால் உடனே துடைக்க ஆளுக்கொரு துண்டு வேண்டும். நரம்பில் முள் கட்டுவதையும் தக்கை மாட்டுவதையும் முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடச் சொல்லுங்கள், மாஷ். காலையில் அந்தக் குளிரில் எந்தப் பிள்ளையின் விரலும் முடிச்சுப் போடாது.