சிறார்களுக்கான வேட்டைக் குலுக்கல் முன்னுரிமைப் புள்ளிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மாநிலங்களில் எல்க் மான், மூஸ் மான், பெருங்கொம்புக் காட்டு ஆடு போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட மாநில அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். பல பகுதிகளில் கேட்போரின் எண்ணிக்கையைவிடச் சீட்டுகள் குறைவு. ஆகவே அவை ஆண்டுதோறும் குலுக்கல் மூலம் வழங்கப்படுகின்றன. குலுக்கலில் சீட்டுக் கிடைக்காதவரின் கணக்கில் ஆண்டுக்கு ஒரு புள்ளி சேரும். அப்புள்ளிகள் பின்வரும் ஆண்டுகளில் அவருடைய வாய்ப்பைக் கூட்டும். பல மாநிலங்களில் குலுக்கலில் கலந்துகொள்ளாமலே, கட்டணம் செலுத்திப் புள்ளி மட்டும் பெற்றுக்கொள்ளவும் முடியும்.

புள்ளி என்பது காத்திருந்த காலத்தின் அளவு. எனவே பல பெற்றோர், சட்டம் இடந்தரும் மிகக் குறைந்த வயதை எட்டியதுமே தம் பிள்ளைகளின் பெயரில் புள்ளி சேர்க்கத் தொடங்குகின்றனர். அப்படிச் சேர்ப்பதால் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வேட்டையைத் தடை செய்துள்ளது. ஆதலால் இம்முறை தமிழக வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் ரயில் பயணத்துக்கான காத்திருப்போர் பட்டியலை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும்.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்குமாக நடந்த கட்டுப்பாடற்ற வணிக வேட்டையால் வட அமெரிக்காவின் காட்டு விலங்குகள் பெருமளவு அழிந்தன. அதன் பின்னர் மாநிலங்கள் வேட்டைக்குப் பருவம், எண்ணிக்கை, உரிமம் ஆகிய வரம்புகளை விதித்தன. அந்நாட்டில் காட்டு விலங்குகள் நில உரிமையாளரின் சொத்தல்ல. மக்கள் அனைவருக்காகவும் மாநில அரசு அவற்றைப் பேணுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் விலங்குகளின் தொகையைக் கணித்து, எத்தனை விலங்குகளை வேட்டையாட விடலாம் என்பதை மாநில வனவிலங்குத் துறை முடிவு செய்கிறது. சீட்டுகளின் எண்ணிக்கை அதைப் பொறுத்தே அமையும்.

1937இல் இயற்றப்பட்ட பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியிலிருந்து மாநிலங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்பு நிதி பகிரப்படுகிறது. மாநிலத்தின் பரப்பளவும் அங்கு உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையும் இப்பகிர்வில் கணக்கில் கொள்ளப்படுகின்றன. உரிமக் கட்டணமும் வனவிலங்குத் துறைக்கே செல்ல வேண்டும். ஆகவே இளந்தலைமுறையினர் வேட்டைக்கு வருவது துறையின் வருவாயோடும் தொடர்புடையது. சிறார் கட்டணம் பல மாநிலங்களில் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருவகைப் புள்ளிகள்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'புள்ளி' என்றே சொன்னாலும், இவற்றில் இரண்டு வகை உண்டு. சிறாருக்காகப் புள்ளி சேர்ப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது இந்த வேறுபாடுதான்.

முதல் வகை முன்னுரிமைப் புள்ளி. இது வரிசை முறை. அதிகப் புள்ளி உடையவருக்கே முதலில் சீட்டு. அவர்களுக்குக் கொடுத்து மீந்தால்தான் அடுத்த படியில் இருப்பவருக்குக் கிடைக்கும். கொலராடோ மாநிலத்தில் எல்க், மியூல் மான் ஆகியவற்றுக்கான சீட்டுகள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் இவ்வாறே வழங்கப்பட்டு வந்துள்ளன. வயோமிங் மாநிலம் வெளிமாநிலத்தவருக்கான எல்க், மான் சீட்டுகளில் 75 விழுக்காட்டைப் புள்ளி வரிசைப்படியும், 25 விழுக்காட்டைப் புள்ளி பாராத குலுக்கலிலும் தருகிறது.

இரண்டாம் வகை கூடுதல் வாய்ப்புப் புள்ளி. இது வரிசையன்று. குலுக்குப் பெட்டியில் ஒருவருடைய பெயர் எத்தனை முறை போடப்படுகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. நெவாடா மாநிலத்தில் புள்ளியின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டிய அளவு வாய்ப்புகள் தரப்படும். 3 புள்ளி உள்ளவருக்கு 10 வாய்ப்பு. 10 புள்ளி உள்ளவருக்கு 101 வாய்ப்பு. புள்ளியே இல்லாத சிறுவனுக்கு ஒரு வாய்ப்பு. அவனுக்கு முதல் ஆண்டிலேயே சீட்டு விழலாம். 101 வாய்ப்பு உள்ளவருக்கு அவ்வாண்டும் விழாமல் போகலாம்.

இரண்டையும் கலந்த முறைகளும் உள்ளன. யூட்டா மாநிலம் குறிப்பிட்ட சில வேட்டைகளில் சீட்டுகளில் பாதியை அதிகப் புள்ளி உடையவர்களுக்கும், மறு பாதியைப் புள்ளிக்கேற்ற வாய்ப்புள்ள குலுக்கலிலும் வழங்குகிறது. அரிசோனாவில் 20 விழுக்காடு சீட்டுகள் அதிகப் புள்ளி உடையவர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன.

எந்த வயதில் தொடங்கலாம்

பிறந்த குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவது போல இப்புள்ளிகளை நினைத்தபோது தொடங்க முடியாது. பெரும்பாலான மேற்கு மாநிலங்கள் புள்ளி பெறும் வயதைப் பெரிய விலங்கு வேட்டைக்கான குறைந்த வயதோடு இணைத்துள்ளன. கொலராடோ, நெவாடா, யூட்டா ஆகியவற்றில் அவ்வயது 12. அரிசோனாவில் 10.

அரிசோனாவில் 14 வயதுக்குட்பட்டவர் பெரிய விலங்கு வேட்டைக்குச் செல்ல வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அம்மாநிலத்தின் பயிற்சியை முடித்தவருக்கு நிலையான ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. சீட்டுக் கிடைத்தாலும் அப்புள்ளி அழியாது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் விண்ணப்பிப்பவருக்கு மேலும் ஒரு புள்ளி உண்டு. அங்குச் சிறாருக்கான உரிமக் கட்டணம் 5 டாலர் என்ற அளவில் இருந்து வந்துள்ளது. வயோமிங்கில் வெளிமாநிலப் பெரியவர் ஓர் எல்க் புள்ளிக்கு 52 டாலர் செலுத்தும்போது சிறாருக்கு 10 டாலர்தான். அயல்மாநிலப் பெற்றோரும் தம் பிள்ளைகளுக்காக இம்மாநிலங்களில் புள்ளி சேர்ப்பதற்கு இக்குறைந்த கட்டணம் ஒரு தூண்டுதல்.

புள்ளி ஏற்றம்: ஒரு கணக்கு

வரிசை முறையின் பெரிய சிக்கல் 'புள்ளி ஏற்றம்' எனப்படுகிறது. ஒரு வேட்டைக்குத் தேவையான புள்ளி ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போவதை இது குறிக்கும். இதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

ஒரு பகுதியில் ஆண்டுக்கு 10 சீட்டுகள் என்று கொள்வோம். 12 வயதுச் சிறுமி ஒருத்தி வரிசையில் சேர்கிறாள். அவளுக்கு முன்னே 300 பேர் நிற்கின்றனர். அவளோடு அதே ஆண்டில் சேர்ந்தவர்கள், அவளையும் சேர்த்து, 40 பேர். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக 40 பேர் வருகின்றனர்; யாரும் இடையில் விலகுவதில்லை.

முன்னே நிற்கும் 300 பேருக்கும் சீட்டுக் கிடைக்க 30 குலுக்கல்கள் ஆகும். அவளுடைய அணியின் 40 பேருக்கு 31 முதல் 34 வரையிலான குலுக்கல்களில் கிடைக்கும். அப்போது அவளுக்கு வயது 42 முதல் 45 வரை இருக்கும்.

இனி, அவள் ஓராண்டு தாமதித்து 13 வயதில் சேர்ந்திருந்தால்? பழைய வரிசையில் 10 பேர் குறைந்து 290 பேர் இருப்பர். முந்தைய ஆண்டின் 40 பேரும் அவளுக்கு முன்னே வந்துவிடுவர். ஆக 330 பேர். அவளுடைய முறை 34ஆம் குலுக்கலில்தான் தொடங்கும். அப்போது வயது 46. ஓராண்டுத் தாமதத்துக்கு விலை நான்கு ஆண்டுகள்.

பெற்றோர் ஏன் அவசரப்படுகின்றனர் என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். கூடவே இன்னொன்றும் விளங்கும். முதல் ஆண்டிலேயே சேர்ந்த சிறுமிக்கும் சீட்டு நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். உண்மை வாழ்வில் சிலர் விலகுவர், சிலர் இறப்பர், சிலர் வேறு வேட்டைக்குப் புள்ளியைச் செலவிடுவர். ஆகவே கணக்கு இவ்வளவு கடுமையாக இராது. ஆயினும் போக்கு இதுவே. கொலராடோவின் வடமேற்கில் 2, 10, 201 ஆகிய எண்களுடைய பகுதிகளில் சிலவகை எல்க் சீட்டுகளுக்கு 20க்கும் மேற்பட்ட புள்ளிகள் தேவைப்பட்டு வந்துள்ளன.

சேர்ந்து விண்ணப்பித்தல்

தந்தையும் பிள்ளையும் ஒரே குழுவாக விண்ணப்பிக்கும்போது விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வயோமிங்கில் வெளிமாநிலக் குழுவினரின் புள்ளிகளுக்குச் சராசரி காணப்படும். தந்தைக்கு 8 புள்ளி, பிள்ளைக்கு எதுவும் இல்லை என்றால் குழுவின் புள்ளி 4. கொலராடோவில் குழுவில் மிகக் குறைந்த புள்ளி உடையவரின் நிலையே அனைவருக்கும் பொருந்தும். அதே தந்தையும் பிள்ளையும் அங்கே சுழியப் புள்ளியில் நிற்பர்.

பிள்ளையின் பெயரில் சேரும் சில புள்ளிகளின் நேரடிப் பயன் இங்குதான் தெரிகிறது. எட்டாத வேட்டைக்கு அவை போதாவிட்டாலும், இடைத்தர வேட்டைக்குக் குடும்பமாகச் செல்ல உதவும். ஆனால் சீட்டுக் கிடைத்துவிட்டால் தந்தை சேர்த்த புள்ளிகளும் செலவாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

புள்ளிகளை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்ற முடியாது. ஒரு மாநிலத்தின் புள்ளி மற்றொரு மாநிலத்தில் செல்லாது. நெடுநாள் விண்ணப்பிக்காமல் இருந்தால் சேர்த்தவையும் அழியும். வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் விண்ணப்பிக்கவும் புள்ளி வாங்கவும் தவறினால் எல்லாப் புள்ளிகளையும் இழப்பர். அரிசோனாவில் அக்காலம் ஐந்து ஆண்டுகள். சிறுவயதில் குறைந்த கட்டணத்தில் தொடங்கியதைப் பதினெட்டு வயதுக்குப் பின் முழுக் கட்டணத்தில் தொடர வேண்டியிருக்கும். கல்லூரிக்குச் செல்லும் மாணவன் அதைத் தொடராவிட்டால் பெற்றோர் செலுத்திய அனைத்தும் வீண்.

நியாயம் பற்றிய வாதங்கள்

இம்முறையை ஆதரிப்போர், பொறுமையாகக் காத்திருப்பவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்கின்றனர். வெறும் குலுக்கலில் ஒருவருக்கு மூன்று முறை கிடைக்கலாம். இன்னொருவருக்கு வாழ்நாள் முழுதும் கிடைக்காமல் போகலாம். புள்ளி முறை அக்குறையைத் தணிக்கிறது.

எதிர்ப்போரின் வாதமும் வலுவானது. புள்ளி ஒரு விலங்கைக்கூடக் கூடுதலாக உருவாக்குவதில்லை. சீட்டுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஒரு பெற்றோர் முந்தித் தொடங்கினால் அவருடைய பிள்ளைக்கு நன்மை. எல்லாப் பெற்றோரும் முந்தித் தொடங்கினால் வரிசை நீளுமே தவிர யாரும் முந்தியவர் ஆகார். பெற்றோர் வேட்டையாடாத வீட்டில் பிறந்து, முப்பது வயதில் ஆர்வம் கொள்பவர் அவ்வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். பொதுச் சொத்தாகிய காட்டு விலங்கின் மீது எல்லாருக்கும் சம உரிமை என்ற அடிப்படைக்கு இது பொருந்துமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. இடாஹோ, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களில் புள்ளி முறையே இல்லை. அங்கு இருபது ஆண்டுகள் விண்ணப்பித்தவருக்கும் முதன்முறை விண்ணப்பிக்கும் சிறுவனுக்கும் குலுக்கலில் ஒரே வாய்ப்பு.

புள்ளி இல்லாத வழிகள்

பிள்ளை சிறுவயதிலேயே காட்டுக்குச் சென்று பழக வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், அதற்கு வேறு வழிகள் உள்ளன.

நெவாடாவில் மியூல் மான் வேட்டைக்கு 12 முதல் 17 வயதினருக்கென்று தனிச் சீட்டுகள் ஒதுக்கப்படுகின்றன. பெரியவர்கள் அவற்றுக்குப் போட்டியிட முடியாது. அரிசோனாவில் பெற்றோரோ தாத்தா பாட்டியோ தமக்குக் கிடைத்த சீட்டை 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ மாற்றித் தரலாம். புள்ளியை மாற்ற முடியாது, சீட்டை மாற்றலாம். யூட்டாவில் பெரியவர் தம் சீட்டைச் சிறாருடன் பகிர்ந்துகொள்ளும் வழிகாட்டித் திட்டம் உண்டு. ஓரிகன் மாநிலத்தில் 9 வயது முதலே வழிகாட்டி ஒருவரின் சீட்டில், அவர் உடனிருக்கச் சிறார் வேட்டையாடலாம். இவை தவிர, குலுக்கலே தேவைப்படாத பொதுச் சீட்டுகளும் பல இடங்களில் கிடைக்கின்றன.

ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கருதுவது நல்லது. புள்ளி சேர்ப்பது நாளைய பெரியவருக்கான ஏற்பாடு. சிறார் சீட்டு இன்றைய பிள்ளைக்கான வாய்ப்பு. பன்னிரண்டு வயதில் கையில் புள்ளி அட்டையோடு காத்திருந்து, நாற்பதில் முதன்முறையாகக் காட்டுக்குள் நுழைபவருக்கு அந்தச் சீட்டை எப்படிப் பயன்படுத்துவதென்றே தெரியாமல் போகலாம். விலங்கின் தடத்தை அறியவும், சுடக் கூடாத நேரத்தில் சுடாமல் இருக்கவும் ஆண்டுதோறும் பழகினால்தான் வரும். அந்தப் பழக்கத்தைக் கட்டணம் செலுத்திச் சேர்த்துவைக்க இயலாது.

விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாற்றப்படுவதால், விண்ணப்பிப்போர் அந்தந்த மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதி நூலைப் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம்.